விடையை அடக்கிக்கொள்வது எப்படி: குடும்ப மருத்துவம் கற்பிக்கப்போகும் டாக்டர்களுக்கு

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் நான் கிளினிக் வைத்து 24 வருடம் ஆகிறது. கடந்த 9 வருடமாகக் குடும்ப மருத்துவம் படிக்கிற இளம் டாக்டர்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். ஒருவர் வந்தால் மூன்று மாதம் இருப்பார். முதல் இரண்டு வருடம் நான் அவர்களுக்கு ஒழுங்காகக் கற்பிக்கவில்லை. நோயாளி எழுந்து வெளியே போனதும் அந்த நோயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதைத்தான் கற்பித்தல் என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் முடிந்து கிளம்பிய ஒரு பெண் சொன்னார்: "மேடம், உங்க பதில் எல்லாம் நோட்ல இருக்கு. நீங்க அந்தப் பதிலுக்கு எப்படி வந்தீங்கங்கறதுதான் தெரியல." நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கம் பக்கமாக நான் சொன்னதுதான் இருந்தது. அவர் யோசித்தது என்று ஒரு வரி இல்லை.

முதுகலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி வந்த பிறகு, இதுவரை யாருக்கும் கற்பித்திராத டாக்டர்கள் பலர் திடீரென்று ஆசிரியராகிவிட்டார்கள். வார்டாக இருந்தாலும் சின்ன கிளினிக்காக இருந்தாலும் அவர்களுக்கு முதலில் வருகிற கஷ்டம் எனக்கு வந்ததுதான். விடை நாக்கு நுனியில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. அதற்கு நான் பழகிய வழிகளை எழுதுகிறேன்.

முதலில் நாற்காலி

முதல் மூன்று நாள் நீங்கள் நோயாளியைப் பாருங்கள், பயிற்சி டாக்டர் சுவரோரம் உட்காரட்டும். இந்த மூன்று நாளும் உங்கள் யோசனையை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இவருக்கு மூச்சு வாங்குதுன்னதும் எனக்கு இதயமா, ரத்தசோகையான்னு ரெண்டு ஓடுச்சு. கண்ணைப் பார்த்ததும் ரத்தசோகைப் பக்கம் சாஞ்சேன்" என்கிற மாதிரி. தெரியாததையும் அப்படியே சொல்லுங்கள்.

நான்காம் நாள் இடம் மாறுங்கள். உங்கள் நாற்காலியில் அவர். நோயாளியின் ஸ்டூல் மேஜைக்கு எதிரே வேண்டாம், மேஜை மூலையில் அவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் நோயாளிக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி. இந்த இடம் முக்கியம். நீங்கள் எதிரே தெரிந்தால், பழகிய நோயாளி உங்களிடம்தான் பேசுவார். அந்த இளம் டாக்டர் வெறும் எழுத்தராகிவிடுவார்.

நோயாளியிடம் முன்கூட்டியே கேளுங்கள். நான் சொல்வது இதுதான்: "இவங்களும் டாக்டர்தான். முதல்ல இவங்ககிட்ட சொல்லுங்க, நான் இங்கயேதான் இருக்கேன். உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க, தப்பில்ல." வேண்டாம் என்று சொன்னால் பயிற்சி டாக்டர் முகம் சுளிக்காமல் எழுந்து வெளியே போக வேண்டும். அதுவும் பாடம்தான்.

ஒரு காலைக்கு நான்கு நோயாளி போதும். என் ஓபி அறுபதைத் தொடும் நாளிலும் அவருக்கு நான்குதான், மீதியை நான் பார்ப்பேன். கூட்டத்தைக் குறைக்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று நினைக்க ஆரம்பித்தால் கற்பித்தல் அன்றோடு போயிற்று.

முதல் இரண்டு நிமிடம்

டாக்டர்கள் நோயாளியின் பேச்சை எப்போது வெட்டுகிறார்கள் என்று பெக்மன், ஃப்ராங்கல் என்ற இருவர் அமெரிக்காவில் அளந்து பார்த்து 1984-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 18 விநாடி. அதற்கு முன் 1975-ல் இங்கிலாந்தில் ஹாம்ப்டனும் அவருடன் இருந்தவர்களும் 80 புதிய நோயாளிகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, 66 பேருக்கு அவர்கள் சொன்ன விவரத்திலேயே நோய் பிடிபட்டுவிட்டது. இந்த இரண்டு எண்களையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இரண்டு நிமிடம் குறுக்கே பேசக் கூடாது என்கிறேன். "ம்", "அப்புறம்?" இரண்டுக்கும் அனுமதி உண்டு.

இந்தப் பக்கத்துச் சொற்களைத் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "கிறுகிறுன்னு வருது", "மேலெல்லாம் குடைச்சல்", "கைகால் ஓஞ்சு போச்சு". இதையெல்லாம் உடனே 'தலைச்சுற்றல்', 'உடல்வலி', 'சோர்வு' என்று மாற்றி எழுதிவிட்டால், நோயாளி சொன்னதில் பாதி தொலைந்துவிடும். 'கிறுகிறுப்பு' என்பவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், ரத்தம் குறைந்திருக்கலாம், மகன் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த செய்தி வந்திருக்கலாம். மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளிப் பக்கத்திலிருந்து கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் வருவார்கள். அப்போது எங்கள் நர்ஸ்தான் ஆசிரியர், நானும் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

கேள்வியை எப்படிக் கேட்பது

குடும்ப மருத்துவம் கற்பித்த நெஹரும் அவருடன் மூவரும் 1992-ல் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை எழுதினார்கள். 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. முதலில் அவருடைய முடிவைச் சொல்ல வையுங்கள். ஏன் அந்த முடிவு என்று கேளுங்கள். அந்த நோயாளியிலிருந்து எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். சரியாகச் செய்ததைச் சொல்லுங்கள். தவறியதைத் திருத்துங்கள்.

இதில் முதல் படிதான் உயிர். "இது என்னவா இருக்கும், நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். "என்னென்ன காரணம் இருக்கலாம்?" என்று கேட்காதீர்கள். பாடப்புத்தகம்தான் வரும்.

ஒரு தக்காளி மண்டிச் சுமைதூக்கும் தொழிலாளி, 52 வயது. வெறும் வயிற்றில் சர்க்கரை 240. பயிற்சி டாக்டர் பத்து நிமிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன முடிவு?"

"இன்னொரு மாத்திரை சேர்க்கணும், மேடம்."

"ஏன்?"

"இப்ப சாப்பிடற மாத்திரை போதல. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருக்கு. அரிசியே தொடறதில்ல, ரெண்டு வேளையும் களிதான்னு சொல்றார்."

விடை எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எவ்வளவு களி? மாத்திரை அட்டை கையில இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் திரும்பிப் போனார். ஒரு வேளைக்கு இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவுக்கு இரண்டு உருண்டை. களி தின்றால் சர்க்கரை ஏறாது என்று இந்த மாவட்டத்தில் பலரும் நம்புகிறார்கள். நூறு கிராம் கேழ்வரகு மாவில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். அட்டையைப் பிரித்து எண்ணினால், மாதத்துக்கு வாங்கிய மாத்திரையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு மண்டிக்குப் போகிறவர், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு ஒரு நாள் மூட்டையோடு தடுமாறியிருக்கிறார். அன்றிலிருந்து பயம்.

பயிற்சி டாக்டர் மறுபடி வந்து சொன்னார்: "மேடம், இன்னொரு மாத்திரை வேண்டாம். நேரத்தை மாத்தணும், களியை ஒரு உருண்டையாக்கணும்." எல்லோருக்கும் பொருந்தும் பாடத்தை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மருந்தைக் கூட்டுவதற்கு முன் மீதி மாத்திரையை எண்ண வேண்டும் என்று அவரே நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாமாக எனக்குக் கூடுதலாக ஏழு நிமிடம் ஆனது.

அடக்கக் கூடாத நேரம்

மேலே சொன்ன பொறுமை முழுக்க ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது. முதல் நாளே பயிற்சி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்: நான் எழுந்து நின்றால் அந்த நாற்காலி என்னுடையது. விளக்கம் பிறகு.

ஒரு மழைக்கால காலையில், கதவு திறந்ததும் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. பயிற்சி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அல்சருக்கான ஊசியை எழுதிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்க்க அந்தப் பெண் திரும்பினார். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. எழுந்துவிட்டேன். "ராத்திரி எங்கம்மா படுத்தீங்க?" "தரையிலதான்." கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வீக்கம் இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலியும் இமை தொங்குவதும்தான் தெரியும். நரம்பைத் தாக்கும் நஞ்சு என்பதால், கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் பாம்புக்கடிச் சோதனையில் ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். உறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே மூச்சு நிற்கலாம். 108-ஐக் கூப்பிட்டோம். விஷமுறிவு மருந்தும் வெண்டிலேட்டரும் தயாராக இருக்கட்டும் என்று மருத்துவமனைக்குப் போனில் சொன்னேன். மூச்சுப் பையோடு பயிற்சி டாக்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினேன். மூன்று நாள் வெண்டிலேட்டரில் இருந்து அந்தப் பெண் பிழைத்தார்.

மறுநாள் மாலை வரை நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த இளைஞர் அன்று எதையும் கேட்கிற நிலையில் இல்லை. மறுநாள் அவரே கேட்டார், "நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று. வயிற்றை நன்றாகத்தான் பார்த்தீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்றேன்.

எழுந்து நிற்க வேண்டியவற்றை உங்கள் ஊருக்கு ஏற்ப எழுதி ஒட்டுங்கள். என் சுவரில் இருப்பவை: தொங்கும் இமை, வேர்வையோடு நெஞ்சை அடைப்பது ('வாயு' என்று சொன்னாலும்), ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, தலைவலியோடு பிபி 160/110 ஆன கர்ப்பிணி, பால் குடிக்காத பச்சைக் குழந்தை.

வீட்டுக்குப் போவது

கெர் வைட்டும் அவருடன் இருந்தவர்களும் 1961-ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களில் 750 பேருக்கு ஏதோ உடம்பு முடியாமல் போகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்பவர் ஒருவர். பெரிய கல்லூரியிலிருந்து வருகிற பயிற்சி டாக்டர் அந்த ஒருவரைப் பார்த்தே படித்தவர். மீதிப் பேர் எப்படி இருப்பார்கள் என்று அவருக்கு வீட்டில்தான் காட்ட முடியும்.

ஆகவே மூன்று மாதத்துக்கும் ஒரே குடும்பத்தை ஒப்படையுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். குடும்ப மரத்தை வரையச் சொல்லுங்கள், யார் பெங்களூரில், யார் திருப்பூரில், பேரப்பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உட்பட. ஒரு காலை மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரோடு அனுப்புங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்குத் தெரிந்த அளவு வீடுகளை எனக்குத் தெரியாது. முடிந்தால் சிட்லிங்கிக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள். டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கி, மலைவாழ் பெண்களையே நர்ஸுகளாகப் பழக்கியிருக்கிறார்கள். கற்பிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஒரு வீட்டில் முதுகு விறைத்த ஒரு பாட்டி, பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பேரன். போர் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடுதான் காரணம் என்று பயிற்சி டாக்டர் சரியாகவே பிடித்துவிட்டார். உடனே, "தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க பாட்டி" என்றார். வாசலுக்கு வந்ததும், "காய்ச்சினா ஃப்ளோரைடு எங்க போகும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றார். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கி அடர்த்தி கூடும் என்று அவருக்கே விளங்கியது. திரும்ப உள்ளே போய், "பாட்டி, நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் அந்த வீட்டுக்கு வருகிறது. குடிக்க மட்டும் அது, களி கிண்டவும் குழம்புக்கும் போர் தண்ணீர். சமைப்பதற்கும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைக்க இரண்டு குடம் தேவைப்பட்டது. அடுத்த தடவை அவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: குடம் வாங்கினார்களா?

குறை சொல்வது

நோயாளி முன்னால் ஒருபோதும் வேண்டாம். மாலையில் டீ குடிக்கும்போது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், ஆளைப் பற்றிச் சொல்லாதீர்கள். "உங்களுக்குப் பரிவு போதாது" என்றால் யாருக்கும் உதவாது. நான் சின்ன நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொள்வேன்: '10.20. மகனைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவுக்குக் கண் கலங்கியது. நீங்கள் பிபி பட்டையைக் கட்ட ஆரம்பித்தீர்கள்.' அதை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, "அந்த நேரம் உங்களுக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்பேன். ஒரு பெண் சொன்னார், தன் அம்மாவும் அப்படித்தான் தனியாக இருக்கிறார் என்று. அன்று வேறு எதுவும் பேசவில்லை, டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

கடைசி வாரத்தில் தன் நோயாளிகளிடம் அவரே சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதி, அடுத்து வருகிறவரை அந்த வீட்டுக்கே அழைத்துப்போய் அறிமுகம் செய்ய வேண்டும். மண்டித் தொழிலாளி மாதாமாதம் மாத்திரை அட்டையோடு இப்போதும் வருகிறார். ஸ்டூலில் உட்கார்ந்ததும், புதிதாக நாற்காலியில் இருக்கிற டாக்டரிடம் அட்டையை நீட்டி, "எண்ணிப் பாருங்க" என்கிறார்.