கீச்சிடும் காயிலுக்கு சிலிக்கோன் ஜெல்: முதல்முறை ஊற்றுபவர்களுக்கு

பவர் சப்ளை போர்டிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் அது காயிலிலிருந்துதான், அதாவது கம்பிச் சுருளிலிருந்துதான் வரும். மின்னோட்டம் ஏறி இறங்கும்போது கம்பிச் சுற்றுகளும் நடுவில் உள்ள ஃபெரைட் என்ற காந்தப் பொருளும் நுணுக்கமாக அதிர்கின்றன. சிலிக்கோன் ஜெல் அந்த அதிர்வை நன்றாகவே அடக்கும், தூசியும் ஈரமும் எளிதில் அண்டவிடாது.

வாங்கும்போதே கவனம் வேண்டும். பாத்திரத் தொட்டி ஓரத்தில் பூசுகிற, வினிகர் வாடை அடிக்கும் சீலன்ட் வேண்டவே வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரித்துவிடும். எலெக்ட்ரானிக்ஸுக்கென்றே 'ஏ', 'பி' என்று இரண்டு புட்டிகளில் வரும் ஜெல்லை வாங்குங்கள்.

முதலில் மின் இணைப்பைக் கழற்றுங்கள். இணைப்பைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்யாமல் போர்டில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது சுத்தம். பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு ஃப்ளக்ஸ் (சாலிடர் ஒட்டுவதற்காகப் பூசும் பசை) கறையைத் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இதில் அவசரப்பட்டு எனக்கு ஒருமுறை மேலே ஜெல் இறுகியும், சாலிடரைத் தொட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்றே நின்றுவிட்டது. கந்தகம், அமீன், சில வகை ஃப்ளக்ஸ் பட்டால் ஜெல் இறுகாது. லேடெக்ஸ் கையுறையும் அப்படித்தான், நைட்ரைல் போட்டுக்கொள்ளுங்கள்.

கனெக்டர், ஸ்விட்ச், ரிலே, ஹீட் சிங்க் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். சாதாரண ஜெல் வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது, எனவே நன்றாகச் சூடாகும் பாகத்தை மூடினால் அது வெந்துபோகும். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலையையும் மூடாதீர்கள், உள்ளே அழுத்தம் கூடினால் திறக்கவேண்டிய வாய் அது.

சரி, இப்போது கலக்கலாம். புட்டியில் சொன்ன விகிதத்தில் (பல ஜெல்களுக்கு 1:1) தராசில் எடைபோட்டு, அடி, ஓரமெல்லாம் வழித்துக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று ஏறும். சில நிமிடம் விட்டால் குமிழ்கள் மேலே வந்து உடையும்.

காயிலின் ஒரு பக்கத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஜெல் சுற்றுகளுக்கு இடையே தானாக ஊர்ந்து இறங்கி, காற்றை மறுபக்கமாகத் தள்ளும். அந்த இடைவெளி நிறைந்தால்தான் சத்தம் அடங்கும், மேலே மட்டும் பூசிப் பயனில்லை. பெட்டிக்குள் ஊற்றினால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சூட்டில் ஜெல் விரியும்.

புட்டியில் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் அசைக்காமல் வையுங்கள். அப்புறம் கலவை மிச்சமிருந்த கிண்ணத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஜெல்லி போல மீண்டு எழுந்தால் மின்சாரம் கொடுக்கலாம்.

பின்னால் பழுது பார்க்க நேர்ந்தாலும் கவலையில்லை. மல்டிமீட்டர் முனையை ஜெல்லுக்குள் குத்தியே அளக்கலாம், எடுத்ததும் மென்மையான ஜெல்லில் அந்தத் துளை தானாக மூடிக்கொள்ளும்.