கேஸ்கட் மாற்றியும் நிற்காத இன்டேக் லீக்: ஹெட் வரிசையைப் பாருங்கள்

இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு, போல்ட்டை அளவாக முறுக்கிய பிறகும் சில நாளில் மறுபடி ஏர் இழுக்கிறதா? மூன்றாவது கேஸ்கட் வாங்குவதற்கு முன், சிலிண்டர் ஹெட்டுகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு ஹெட் வீதம் உள்ள டீசல் இன்ஜின்கள், வி-ட்வின் பைக்குகள், வி6, வி8 இன்ஜின்கள் ஆகியவற்றில்தான் இந்தக் குறை வரும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே ஹெட் உள்ள இன்லைன் இன்ஜினில் ஹெட் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதில் மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஹெட் ஏன் நகர்கிறது? 12 மி.மீ. ஸ்டட் 13 மி.மீ. துளையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டவல் பின் (ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோக முளை) இல்லாவிட்டால் ஹெட் எந்தப் பக்கமும் அரை மி.மீ. நகரலாம். ஒரு ஹெட் முன்னால் அரை, அடுத்தது பின்னால் அரை என்று உட்கார்ந்தால், இரண்டு இன்டேக் முகங்களுக்கும் நடுவே 1 மி.மீ. படி விழும். மெல்லிய கேஸ்கட்டால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. நகராமல் லேசாகத் திரும்பி உட்கார்ந்தாலும் போர்ட்டின் (காற்று நுழையும் வாயின்) ஒரு ஓரம் அழுந்தும், மறு ஓரம் திறந்திருக்கும். டவல் பின் விட்டுப்போவது, துளை தேய்ந்திருப்பது, ஒரு ஹெட்டுக்கு மட்டும் ஃபேசிங் போட்டு (முகத்தைச் சீவிச் சமன் செய்து) மற்றதை விட்டுவிடுவது, தடிமன் வேறான ஹெட் கேஸ்கட்டுகளைக் கலந்து போடுவது, பழைய கேஸ்கட் துணுக்கை அடியில் விட்டுவிடுவது ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

லீக்தானா என்று உறுதி செய்தல்

பெட்ரோல் இன்ஜினில் ஐடிலிங் ஏறி இறங்கும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஆர்.பி.எம். மெதுவாகத்தான் இறங்கும், கார்புரேட்டர் வண்டியில் பின்னடி (பேக்ஃபயர்) வரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் லீக் அந்த சிலிண்டர் பக்கம்தான். கடல்மட்ட உயரத்தில் நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் வேக்கம் கேஜில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். லீக் இருந்தால் முள் கீழே இறங்கி அங்கேயே நிற்கும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனரை மாட்டி ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 15, 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நெருங்கினால் அது ஏர் லீக்கின் அடையாளம். பி0171, பி0174 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்னும்) பிழைக் கோடுகளும் வரலாம்.

இடத்தைப் பிடிக்கத் தண்ணீர் ஸ்ப்ரே போதும். மேனிஃபோல்டு முகத்தோரம் சிறிது சிறிதாக அடித்தால், லீக் உள்ள இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும். கார்ப் கிளீனரை சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் இருந்தால் 1 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் புகை விடுங்கள்.

டீசலில் ஸ்ப்ரே சோதனை பலிக்காது. த்ராட்டில் இல்லாததால் உள்ளே வேக்கம் மிகக் குறைவு. ஏர் இன்லெட்டை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 3 முதல் 5 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். திறந்திருக்கும் வால்வு வழியாக சைலன்சர் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வருவது இயல்பு. முகத்தோரம் குமிழி வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். டர்போ இல்லாத டீசலில் இந்த லீக்கைத் தள்ளிப்போடவே கூடாது. அந்த இடுக்கில் நுழையும் காற்று ஏர் ஃபில்டரைத் தொடாமல் தூசியோடு நேரே சிலிண்டருக்குள் போகிறது. ரிங்கும் லைனரும் அரைபட்டுப் போகும்.

வி6, வி8இல் இன்னொரு சிக்கல் உண்டு. போர்ட்டின் அடி ஓரம் திறந்திருந்தால் இன்ஜின் வெளிக்காற்றை இழுக்காது, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் (வேலி, valley) ஆயில் ஆவியை இழுக்கும். எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் தெரியாது, ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் பிசிவி வால்வையும் ப்ரீதரையும் அடைத்துவிட்டு ஐடிலிங்கில் ஆயில் ஃபில்லர் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையை உள்ளே இழுத்தால் லீக் அடிப்பக்கம்.

பழைய கேஸ்கட்டைப் படியுங்கள்

மேனிஃபோல்டைக் கழற்றியதும் கேஸ்கட்டைக் குப்பையில் போடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு போர்ட்டையும் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த இடத்தில் வளையம் முழுக்க ஒரே ஆழத்தில் பதிந்து பளபளக்கும். ஹெட் திரும்பியிருந்தால் ஒரு ஓரம் ஆழமாக நசுங்கி, எதிர் ஓரம் புதுசு போல உப்பலாக இருக்கும். டீசலில் அந்த உப்பலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்லிய பழுப்புத் தூசிக் கோடு உள்ளே போகும். காற்று போன வழி அதுதான். எந்த ஹெட், எந்தப் பக்கம் என்று அப்போதே சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. முகங்களைச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று ஹெட்டுகளின் இன்டேக் முகத்தின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை (துல்லியமான நேர்ச்சட்டத்தை) வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகள்) விடுங்கள். 0.05 மி.மீ. பிளேடு நுழையாவிட்டால் நல்லது. 0.10 நுழைந்தால் சரிசெய்தே ஆக வேண்டும், மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். மேனிஃபோல்டு முகத்தையும் இதே போல் தனியாகப் பாருங்கள். அதுவே வளைந்திருந்தால் ஹெட்டைக் குறை சொல்ல முடியாது. வி இன்ஜினில் கேஸ்கட் இல்லாமல் மேனிஃபோல்டைச் சும்மா வைத்து, நான்கு மூலையிலும் மேலும் கீழும் ஃபீலர் விடுங்கள். மேலே இறுகி கீழே இடைவெளி இருந்தால் கோணம் தப்பு. இடைவெளி ஒரே மாதிரி இருந்தும் போல்ட் துளைகள் நேர்ப்படாவிட்டால் உயரம் தப்பு.

சரிசெய்தல்

மேனிஃபோல்டு போல்ட்டை இன்னும் முறுக்கி ஹெட்டை இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஹெட் போல்ட் முழு டார்க்கில் இருக்கும்போது ஹெட் அசையாது, மேனிஃபோல்டு காதுதான் உடையும், இல்லையென்றால் மரை போகும். சிலிக்கான் பூசுவதும் வேண்டாம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். ஹெட்டைத் தளர்த்துவது ஒன்றே வழி.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலன்ட்டை இறக்கி, ஹெட் போல்ட்டுகளை முறுக்கிய வரிசைக்கு எதிர்வரிசையில் படிப்படியாகத் தளர்த்துங்கள். ஹெட்டைத் தூக்கிப் புது ஹெட் கேஸ்கட் போடுங்கள், ஒருமுறை அழுந்தியதைத் திரும்பப் போடக் கூடாது. நீளும் வகை ஹெட் போல்ட் என்றால் அவையும் புதிது. முகத்தைச் சுரண்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். எமரி டிஸ்க் அலுமினியத்தில் பள்ளம் விடும், அதன் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைக் கெடுக்கும்.

டவல் பின் உள்ள இன்ஜின் என்றால் அவற்றை எண்ணிப் பார்த்துப் போட்டு, ஹெட்டுகளை வைத்து, போல்ட்டுகளைச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் பிடியுங்கள். டவல் பின் இல்லாத ஹெட் ரப்பர் சுத்தியால் தட்டினால் அசைய வேண்டும். இப்போது இன்டேக் முகங்களில் ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து, 0.05 பிளேடு எங்கும் நுழையாத நிலை வரும்வரை தட்டிச் சேருங்கள். எக்ஸாஸ்ட் பக்கமும் தனி முகங்கள் இருந்தால் அதையும் பாருங்கள். நேரான கெட்டியான மேனிஃபோல்டு இருந்தால் அதையே லேசாக மாட்டி வரிசைப்படுத்தலாம், ஆனால் ஸ்ட்ரெயிட் எட்ஜே நம்பகமானது. வி-ட்வினில் மேனிஃபோல்டைப் புது சீலோடு நடுவில் உட்கார வைத்து, ஃப்ளாஞ்சை லேசாகப் பிடித்த பின் ஹெட்டை முறுக்குவதே முறை.

பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு, முழு டார்க் என்று ஏறுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்ட்ரெயிட் எட்ஜை மறுபடி வையுங்கள், முறுக்கும்போதே ஹெட் திரும்பிவிடுவது உண்டு. வரிசைக்காக மாட்டிய மேனிஃபோல்டை முழுக்கத் தளர்த்தி, புதுக் கேஸ்கட்டோடு நடுவிலிருந்து இரண்டு சுற்றாக முறுக்குங்கள். வால்வ் கிளியரன்ஸைப் புதிதாக வைக்க மறக்காதீர்கள்.

ஃபேசிங் போட்ட வி இன்ஜினில் தட்டிச் சேர்ப்பது பலிக்காது. ஹெட்டுகள் கீழிறங்கி ஒன்றையொன்று நெருங்குவதால் மேனிஃபோல்டு மேலே நிற்கும். இன்டேக் முகம் 10 டிகிரி சாய்ந்த 90 டிகிரி வி8இல், ஹெட்டில் 0.25 மி.மீ. எடுத்தால் இன்டேக் முகத்தில் ஏறத்தாழ 0.31 மி.மீ., மேனிஃபோல்டு அடிப்புறத்தில் 0.43 மி.மீ. எடுக்க வேண்டும். கோணம் மாறினால் கணக்கும் மாறும். ஒரு பக்க ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டால் மறுபக்கத்துக்கும் அதே அளவு போடுங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து முழுச் சூடு வந்ததும் வேக்கம், ட்ரிம், டீசலானால் சோப்புக் குமிழி, எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். ஆறிய பிறகு மேனிஃபோல்டு போல்ட்டுகளின் டார்க்கை ஒருமுறை சரிபாருங்கள். ஹெட் போல்ட்டை மட்டும் மேனுவல் சொன்னாலொழிய மறுபடி தொட வேண்டாம்.