தாய்லாந்தில் டி.எம்.30 ரசீது இல்லாமல் மாட்டியபோது

தாய்லாந்துக்குள் நுழைவதில் தொல்லையே இல்லை. 2025 மே 1 முதல் கட்டாயமான டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இலவசம்தான், காசு கேட்கிற இணையதளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

வம்பு வந்தது சியாங் மாய் குடிவரவு அலுவலகத்தில். தங்கும் காலத்தை இன்னும் 30 நாள் நீட்டிக்க டி.எம்.7 படிவம், புகைப்படம், 1,900 பாட் கட்டணம் எல்லாம் தயார். "டி.எம்.30 ரசீது?" என்றார் அதிகாரி.

வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 1979 குடிவரவுச் சட்டம். அதற்கான படிவம்தான் டி.எம்.30. ஓட்டல்கள் தாமாகவே செய்துவிடும். நான் இருந்ததோ வாடகை வீடு. வீட்டுக்கார அம்மா பதியவே இல்லை. கடமை அவருடையது, அலைச்சல் நம்முடையது!

சண்டை போட்டுப் பயனில்லை. அவருடைய அடையாள அட்டை நகல், நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகல் இரண்டிலும் கையெழுத்து வாங்கினேன். அவரால் வர முடியாததால் அதிகாரக் கடிதமும் ஒன்று. வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகலோடு டி.எம்.30 கவுன்டரில் கொடுத்தேன். தாமத அபராதம் உரிமையாளர் தலையில்தான். அந்த அம்மா முணுமுணுத்தபடி பணத்தைக் கொடுத்தனுப்பினார். ரசீதைக் காட்டியதும் நீட்டிப்பு முத்திரை விழுந்தது.

இப்போதெல்லாம் முன்பணம் கட்டுமுன் டி.எம்.30 பதிவார்களா என்று கேட்டுவிடுகிறேன். மழுப்பினால் ஓட்டல்தான்.