நெடுந்தீவுக்கு ஒரு நாள் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன கிழமை, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் படகேறுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் நான்கு இளைஞர்கள் கைப்பேசியில் ஏதோ ஒரு நேர அட்டவணையைக் காட்டி, படகுக்காரரோடு வாதாடிக்கொண்டு நின்றார்கள். பத்து வருடங்களுக்கு முன் நானும் அதே இடத்தில் அப்படித்தான் நின்றேன். இப்போது அடிக்கடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போய்வருகிறேன். தொப்பி போடுங்கள், வெயில் சுடும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கூட்டத்தோடு ஏறுவது

குறிகட்டுவானில் நிற்கும் கூட்டம் பெரும்பாலும் நயினாதீவு என்ற வேறு தீவுக்குப் போகிறது. கேட்டு ஏறுங்கள்.

தீவுதானே என்று நடக்கத் தொடங்குவது

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். கோட்டை ஒரு பக்கம், பெருக்கு மரம் (பேயோபாப் என்கிற பருத்த மரம்) இன்னொரு பக்கம், குதிரைகள் மேயும் வெளி வேறெங்கோ. வழியெல்லாம் பனைகள் நிற்கும். ஆனால் பனையின் நிழலில் ஒரு ஆள்கூட ஒழுங்காக ஒதுங்க முடியாது. இறங்கியதும் ஆட்டோவோ சைக்கிளோ பேசிக்கொள்ளுங்கள்.

‘பின்னேரம் படகு இருக்கு’ என்பதை நம்பி உள்ளே போவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

முதல் தடவை மூன்று பேர் போனோம். திரும்பிவரப் படகு இருக்கிறதா என்று துறையில் நின்ற ஒருவரைக் கேட்டோம். “ஓம், பின்னேரம் இருக்கு” என்றார். பின்னேரம் என்றால் ஐந்து மணி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். யாழ்ப்பாணப் பேச்சில் மதியச் சாப்பாடு முடிந்தாலே பின்னேரம்தான். இது தெரிந்த நானே மணி கேட்கவில்லை.

பெருக்கு மரத்தைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு அம்மா வாசலில் நின்று, “வெயிலுக்க நிக்காதேங்கோ பிள்ளையள், உள்ளுக்கு வாங்கோ” என்று கூப்பிட்டார். தேத்தண்ணி வந்தது. அப்புறம் மீன்குழம்போடு சோறு. படகைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களை எத்தனை மணிக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்பது அவருக்கு மரியாதையில்லை. நாங்கள் நாலரைக்குத் துறைக்கு வந்தபோது, படகு போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

நண்பனுக்கு அடுத்த நாள் காலை கொழும்பில் வேலைக்கான நேர்முகம். அது போனது. அதைவிட மனதை அறுத்தது வேறு. அந்த அம்மாவே எங்களை இரவு தங்க வைத்தார். குசினிக்குப் பின்னால் மூடி வைத்திருந்த கலனிலிருந்து தண்ணீர் எடுத்து, மூன்று பேரும் கைகால் முகம் கழுவினோம், உடம்பிலும் ஊற்றினோம். காலையில் அவருடைய மகன் வெறும் கலனைச் சைக்கிளில் கட்டுவதைப் பார்த்தபோதுதான் அது குடிதண்ணீர் என்று விளங்கியது. அந்தப் பக்கத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே, போய் இறங்கியவுடனேயே, நீங்கள் வந்த படகில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்குத் திரும்புது, அதுதான் கடைசிப் படகா? இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த மணியை ஆட்டோக்காரரிடம் சொல்லிவிடுங்கள். யாராவது வீட்டுக்குள் கூப்பிட்டால், உட்காருவதற்கு முன்பே சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அவர்களே நேரத்துக்கு உங்களை அனுப்பி வைப்பார்கள். சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்துப் படகே ஓடாமல் போகலாம். அந்தக் காலத்தில் மறுநாளுக்கு முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். துறைக்கும் முக்கால் மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஊரவர்களும் அதே படகில்தான் ஏறவேண்டும். அவர்களுக்கு இடம் விட்டு ஏறுங்கள்.

வேலியில் ஏறிப் படம் எடுப்பது

தீவின் கல்வேலிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பவளக்கல்லில் பூப் பூவாகத் துளைகள் தெரியும். சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் ஒரு கல் நழுவும், அதோடு சேர்ந்து பத்துக் கல் விழும். மறுபடி அடுக்குவது வீட்டுக்காரர்.

குதிரைகள்

கிட்டப் போகாதீர்கள், துரத்தாதீர்கள், தீனி போடாதீர்கள்.

குமுதினியைப் பற்றிக் கதை கேட்பது

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன நெடுந்தீவு மக்கள், குழந்தைகள் உட்பட, கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உங்களுக்குத் தேத்தண்ணி தருகிறவரின் தாயோ தம்பியோ அதில் போயிருக்கலாம். அவர்களாகச் சொன்னால் பேசாமல் கேளுங்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் காசு நீட்டுவது

வீட்டில் தந்த சாப்பாட்டுக்குக் காசை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். போகும்போதே யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பழமும் மரக்கறியும் வாங்கிப் போங்கள். அதைச் சந்தோஷமாக வாங்குவார்கள். குடிதண்ணீரையும் உங்களுக்கு வேண்டிய அளவு கொண்டு போங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

‘படம் அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவது

ஒரு ஐயா என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்: “தம்பி, அந்தப் பிள்ளையள் படம் தந்து விடேல்லையோ?” அந்தப் பிள்ளைகள் யார் என்றே எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளையைத் தூக்கிவைத்திருந்தபோது எடுத்த படமாம். சொன்னால் அனுப்புங்கள். பிரிண்ட் எடுத்து, உறையில் பெயரும் வட்டாரமும் எழுதி, குறிகட்டுவானில் படகேற நிற்கும் ஊரவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் போதும். அன்று பின்னேரமே கைக்குப் போய்விடும்.