டென்ட் இரவுகளும் பி அண்ட் பி இரவுகளும்: ஒரே பயணத்துக்கு இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி

ஒரு வாரப் பயணம், அதில் பாதி நாள் டென்ட், மீதி நாள் பி அண்ட் பி (காலை உணவோடு அறை வாடகைக்குத் தரும் வீடு) என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பக்கம் ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) தேடுவது, இன்னொரு பக்கம் அறை தேடுவது. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கணக்குதான். எந்தெந்த இரவில் கூரைக்குக் கீழே படுக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் முதுகில் எதைச் சுமக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது முடிவாகும்.

அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து இரவுகளை வரிசையாக எழுதுங்கள். இந்த இரவு எங்கே, எவ்வளவு உயரத்தில், அந்த மாதத்தில் அங்கே விடியற்காலைக் குளிர் எவ்வளவு இருக்கும். பகல் வெயில் எவ்வளவு என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. 1000 மீட்டர் மேலே ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிவார ஊரின் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பி மலைமேல் நடுங்குகிறவர்கள் நிறையப் பேர். டென்ட் போடும் இடமும் முக்கியம், ஏனென்றால் இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஆற்றை ஒட்டிய பள்ளத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் சின்ன மேடு கதகதப்பாக இருக்கும்.

சரி, இப்போது சாமான்கள். முதலில் வாங்க வேண்டியது ஸ்லீப்பிங் பேக் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு முன் மேட்டை, அதாவது பேக்குக்கு அடியில் தரையில் போடும் விரிப்பை, வாங்குங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைச் சூடாக வைத்திருப்பது அதன் பஞ்சுக்குள் தங்கியிருக்கும் காற்று. நாம் படுத்ததும் அடிப்பக்கத்துப் பஞ்சு நம் எடையில் அப்படியே நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறிவிடுகிறது. அப்புறம் உங்கள் முதுகுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது அந்த மேட் ஒன்றுதான், எவ்வளவு விலை உயர்ந்த பேக் வைத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர் வேல்யூ என்ற எண்ணால் சொல்வார்கள். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் அளந்து போட்டுக்கொண்டிருந்தது, 2018-இல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. எனவே பழைய மேட்டை இரவல் வாங்கினால் அதில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கோடைக்கு 2 வரை போதும், குளிர் ஓரளவு இருந்தால் 3 அல்லது 4, தரை உறைந்து கிடக்கும் இடம் என்றால் 5-க்கு மேல். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது: ஆர் வேல்யூ 2 உள்ள ஃபோம் மேட்டை விரித்து, அதன் மேல் 3 உள்ள காற்று மேட்டைப் போட்டால் 5 கிடைத்துவிடும். குளிர்காலத்துக்கென்று தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை.

ஃபோம் மேட் பார்க்கப் பருமனாக இருக்கும், பையின் வெளியேதான் கட்ட வேண்டும், ஆனால் அது என்றைக்கும் ஓட்டையாகாது. காற்று மேட் சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்துவிடும், படுக்கவும் சுகம். ஒருக்களித்துப் படுக்கிறவர்கள் 7 அல்லது 8 சென்டிமீட்டர் தடிமன் உள்ளதாக எடுங்கள், இல்லாவிட்டால் இடுப்பும் தோளும் தரையில் இடிக்கும். அகலத்தையும் பாருங்கள். சாதாரண மேட் 51 சென்டிமீட்டர்தான், தூக்கத்தில் புரள்கிறவர்களுக்கு 64 சென்டிமீட்டர் உள்ள அகல மேட்டின் கூடுதல் எடையைச் சுமப்பது தகும். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் பெரிய காற்று மெத்தையைக் குளிர் பிரதேசத்துக்கு எடுத்துப் போகாதீர்கள், அதன் உள்ளே வெப்பத்தைத் தடுக்க ஒன்றுமே இல்லை, உள்ளே இருக்கும் காற்று சுற்றிச் சுற்றித் தரையின் குளிரை உங்களிடம் கொண்டுவந்துவிடும்.

ஒரு முறை நடுராத்திரியில் இடுப்பெலும்பு தரையில் பட்டு விழித்துக்கொண்டேன். மேட் அப்பளமாகக் கிடந்தது. காலையில் நன்றாக ஊதி, சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து ஓரங்களில் தடவிக்கொண்டே வந்தபோது, வால்வுக்கு ஒரு சாண் தள்ளி கடுகளவு குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின. அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, நன்றாகக் காயவிட்டு, பிறகு பேட்ச் ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் நிற்காது. பேட்ச் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். ஆனால் ஒன்று, இரவில் காற்று குளிரும்போது மேட் கொஞ்சம் தளர்வது இயல்பு, அதைப் பார்த்து ஓட்டை என்று பயந்துவிட வேண்டாம்.

இனி ஸ்லீப்பிங் பேக். லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒற்றை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ சமாளிக்கும் வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் உயிர் பிழைப்பதற்கான எண், தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் தாளில் எழுதிய விடியற்காலைக் குளிரைவிடக் கம்ஃபர்ட் எண் நான்கைந்து டிகிரி கீழே இருந்தால் நிம்மதி. அந்த எண்களே முழுக்கை, முழுக்கால் உள்ளாடை அணிந்து, கீழே மேட் போட்டுப் படுப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டவை என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்ளே இருப்பது வாத்துத் தூவியா, செயற்கைப் பஞ்சா என்பது அடுத்த கேள்வி. தூவி எடை குறைவு, சின்னதாக அமுங்கும், பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். நனைந்தால் மட்டும் கட்டி கட்டியாகி, சூடே தராது, காயவும் நாளாகும். செயற்கைப் பஞ்சு கனம்தான், ஆனால் ஈரமானாலும் ஓரளவு காக்கும். மழைக்காலம் என்றால் நான் யோசிக்காமல் செயற்கையைத்தான் சொல்வேன். அளவும் சரியாக இருக்க வேண்டும்: பேக் மிகத் தொளதொளவென்று இருந்தால் உள்ளே இருக்கும் காலி இடத்தையெல்லாம் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டியிருக்கும், மிக இறுக்கமாக இருந்தால் பஞ்சு நசுங்கும்.

குளிர் கூடினால் ஒரு பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக்க மூடி, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நடந்த சாக்ஸோடு படுக்காதீர்கள், தூங்குவதற்கென்றே காய்ந்த ஒரு ஜோடி வைத்திருங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அப்புறம் பி அண்ட் பி. அதைச் சொகுசுக்கான இரவாக மட்டும் பார்க்காமல், சாமான்கள் காயும் இரவாகவும் பாருங்கள். டென்ட்டில் ஒவ்வொரு இரவும் நம் மூச்சும் வியர்வையும் பேக்கில் ஏறுகிறது. மூன்றாவது இரவுக்குள் தூவி பேக்கின் உப்பல் குறைவது கையில் பிடித்தாலே தெரியும். அதனால் மூன்று டென்ட் இரவுக்கு ஒரு அறை இரவு என்பது என் கணக்கு. அறைக்குப் போனதும் குளிக்கும் முன்பே பேக்கைப் பிரித்து நாற்காலி முதுகில் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டு, மேட்டின் வால்வைத் திறந்து வைத்து, டென்ட் துணியைக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டால் காலைக்குள் எல்லாம் காய்ந்திருக்கும்.

ஆகவே அறை பிடிக்கும்போது முதல் கேள்வி, ஈரச் சாமானைக் காயப்போட இடம் உண்டா என்பதுதான். அடுத்தது குளியலறை. அறைக்குள்ளேயே இருப்பது வேறு, வெளியே இருந்தும் உங்களுக்கு மட்டும் என்பது வேறு, மற்றவர்களோடு பகிர்வது வேறு. விளம்பரத்தில் தெளிவாக இல்லையென்றால் நேரடியாகக் கேளுங்கள். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது, கனத்த பையோடு மூன்றாவது மாடி என்றால் முன்பே தெரிந்திருப்பது நல்லது. குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பவர்களும் உண்டு. வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு தங்கினால்தான் அறை என்பவர்களும் உண்டு.

நேரம்தான் பலரைக் கவிழ்ப்பது. பி அண்ட் பி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் வசிக்கும் வீடு, இரவெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் கிடையாது. ஓர் இடத்தில் எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் ஒன்பதரைக்குப் போய், வீட்டுக்காரர் போனை எடுக்கும் வரை மழையில் நின்றிருக்கிறேன். காலை உணவும் அப்படித்தான். எட்டரைக்குத்தான் மேஜையில் வரும் என்றால், ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குகிறவருக்கு அதில் என்ன பயன்? பொட்டலமாகக் கட்டித் தர முடியுமா என்று முதல் நாளே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உணவில் ஒவ்வாமை இருந்தால் அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள், அதுவும் கடைசி ஆறு மாதத்தில் எழுதியவற்றை. ஒரே குறை, சத்தமோ ஈர வாடையோ, இரண்டு மூன்று பேர் வாயில் வந்தால் அது உண்மை. ரத்து செய்தால் எத்தனை நாள் முன்புவரை பணம் திரும்பும் என்பதைத் தாளில் அந்த இரவுக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள், மழை வந்து திட்டம் மாறினால் உடனே முடிவெடுக்க உதவும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டுத் தரையிலேயே மேட்டை ஊதி, பேக்கை விரித்து ஓர் இரவு முழுக்கத் தூங்கிப் பாருங்கள். காலையில் மேட் எந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது, ஜிப் எங்கே மாட்டுகிறது, தலையணை வேண்டுமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ள நேரமும் இருக்கும்.