ஏபிஎஸ் விளக்கு எரிந்ததற்குக் காரணம் ஒரு டயர்

பழைய கார். கொழும்பு காலி வீதி நெரிசலில், பிரேக் அழுத்தும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியாது; கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் போனால் எரியும். எரிந்தால் ஏபிஎஸ் வேலை செய்யாது. மழையில் பிரேக்கை அழுத்தினால் சில்லு இறுகி வழுக்கும், காலைச் சற்று எடுத்தால்தான் ஸ்டியரிங் கேட்கும். பயந்துதான் ஓட்டினேன்.

கராஜில் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சரைத் துடைத்தார்கள், பிறகு மாற்றினார்கள், வயரையும் பார்த்தார்கள். பலனில்லை.

வெள்ளவத்தையில் காற்றடிக்கும்போது டயரில் அளவைக் குறிக்கும் எழுத்துகளைப் படித்தேன். மூன்றில் 175/65 ஆர்14; இடது பின்பக்கம் மட்டும் 185/70 ஆர்14. ரிம் ஒன்றுதான், ஆனால் விட்டம் 583 மில்லிமீற்றருக்குப் பதில் 615. பெரிய சில்லு மெதுவாகச் சுற்றும். நான்கு சில்லுகளின் வேகத்தையும் ஒப்பிடும் ஏபிஎஸ் கணினி அதைப் பிழையென்று எடுத்துக்கொள்கிறது.

பஞ்சிகாவத்தையில் சரியான அளவு வாங்கி மாற்றினேன். மாத்தறை வரை போய்வந்தும் விளக்கு எரியவில்லை. ஸ்பெயார் சில்லையும் பாருங்கள். என்னுடையதில் அதுவும் 185/70.