புறா ஆர்க்கிட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் தானாகவே வளரும் புறா ஆர்க்கிட்டை வீட்டில் வளர்ப்போர் செய்யும் பெரிய தவறு, அதை மண்ணில் நடுவதாகும். மரத்தின்மேல் வாழ்ந்தாலும் இது ஒட்டுண்ணியன்று. மரத்திடம் பிடிமானத்தை மட்டும் பெற்று, மழைநீரையும் பட்டையிடுக்கில் சேரும் மட்கையும் கொண்டு வாழும் தொற்றுச்செடி. இதன் வேர்களை மூடியிருக்கும் பஞ்சு போன்ற வெள்ளை உறை, நீர் பட்டதும் பச்சையாக மாறும். உலர்ந்ததும் மீண்டும் வெளுக்கும். வெளுத்த பிறகே அடுத்த முறை நீர் ஊற்ற வேண்டும்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் வைத்த முதல் செடியைத் தோட்ட மண்ணில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்திருந்தன. விரலால் அழுத்தியதும் தோல் வழுக்கிக்கொண்டு வர, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டுமே மிஞ்சியது. இப்போது கரித்துண்டும் உடைந்த ஓடும் நிரப்பிய, பக்கவாட்டில் துளையுள்ள தொட்டியையே பயன்படுத்துகிறேன். மரக்கட்டையில் கட்டித் தொங்கவிடுவது இன்னும் நல்லது. அடியில் தட்டு வேண்டாம். தேங்கும் நீரில் வேரும் அழுகும், டெங்கிக் கொசுவும் பெருகும்.

இலையில்லாமல் நீண்டிருக்கும் மெல்லிய தண்டு நுனியைக் காய்ந்துவிட்டதென்று நறுக்கிவிடுவோரும் உண்டு. பூக்கள் வருவதே அந்த நுனியில்தான். ஒரே கணுவில் திரும்பத் திரும்பப் பூக்கும் என்பதால், அதை வெட்டினால் பல முறை வரவேண்டிய பூக்களை இழக்கிறோம்.

பூக்கவில்லையே என்று உரத்தைக் கூட்டுவதும் தவறு. மொட்டுகள் ஓரளவு வளர்ந்து உறங்கிக் கிடக்கும். இடியுடன் பெய்யும் மழையால் வெப்பநிலை சட்டென ஏறக்குறைய 5 பாகை செல்சியஸ் இறங்கினால்தான் அவை விழித்தெழும். ஆகவே செடியை அறைக்குள் பூட்டி வைக்காமல், மழைக்குளிர்ச்சி படும் திறந்தவெளியில் வைக்க வேண்டும். பூங்கா மரங்களிலிருந்து இதைப் பிரித்தெடுப்பது சட்டப்படி குற்றம், நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள்.

பெருமழை பெய்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஏறத்தாழ 9 நாளில், வட்டாரத்திலுள்ள புறா ஆர்க்கிட்டுகளெல்லாம் ஒன்றாக வெள்ளைப் பூக்களை விரிக்கும். மணம் வீசும் அந்தப் பூக்களின் ஆயுள் ஒரே நாள் என்பதால், அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.